கெமிஸ்ட்ரி சார் தயாளன்

பீர்க்கன்கரணை ஏரிக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் எட்டு வீடுகள் கொண்ட ஒரு சின்ன அடுக்குமாடிக் குடியிருப்பு இருக்கிறது. அதன் தரைத்தளத்து முதல் வீட்டுக்காரர் பெயர் தயாளன் என்று சொன்னால் அந்தத் தெருவில் பாதிப் பேர் யோசிப்பார்கள். கெமிஸ்ட்ரி சார் என்று கேட்டால் வாட்ச்மேன் முதல் பால் போடுகிறவர் வரை உடனே கை காட்டுவார்கள். வயது ஐம்பத்து நான்கு. குரோம்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை. வேலை என்றால் பாடம் நடத்துவது இல்லை. சோதனைக் குழாய்களைக் கழுவிக் கவிழ்ப்பது, அமிலத்தை நீர்க்கச் செய்து பாட்டில்களில் நிரப்புவது, செய்முறை வகுப்புக்கு மேஜையைத் தயார் செய்வது. அதாவது லேப் அட்டெண்டர்.

அவர் பொய் சொன்னதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். குடிவந்த புதிதில் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ராஜாராமன் எங்கே வேலை என்று விசாரித்தார். ஸ்கூலில், கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்டில் என்றார் தயாளன். இரண்டும் உண்மைதான். மறுநாள் மாடிப்படியில் ராஜாராமன் ‘குட் மார்னிங் சார்’ என்றார். அப்போதே திருத்தியிருந்தால் ஒரு நிமிஷத்துச் சங்கடம், முடிந்திருக்கும். ஆனால் பள்ளிக்கூடத்தில் நேற்று வேலைக்குச் சேர்ந்த டீச்சர்கூட ‘தயாளன் அண்ணா, அந்த பீக்கரை எடுங்க’ என்று சொல்லக் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுக்கு, சார் என்ற சொல் இனிக்கத்தான் செய்தது. மனைவி ரோஹிணி ஒரு தடவை கேட்டார், ஏன் இப்படிச் சும்மா இருக்கிறீர்கள் என்று. அவர்களாகத்தானே கூப்பிடுகிறார்கள், நானா கூப்பிடச் சொன்னேன் என்றார் மனுஷர். பதினோரு வருஷம் ஓடிவிட்டது.

தொழிலில் அவரைக் குறை சொல்ல முடியாது. சமன்பாடு எழுதச் சொன்னால் திணறுவார். ஆனால் எந்த உலோகம் அமிலத்தில் எப்படி நடந்துகொள்ளும் என்பது அவர் கைக்குத் தெரியும். செம்புத் துருவல் சும்மா கிடக்கும். இரும்பு மெதுவாகக் குமிழ் விடும். ஜிங்க் உடனே நுரைக்கும். கிளம்புவது ஹைட்ரஜன், எரிகிற குச்சியைக் காட்டினால் டப் என்று வெடிக்கும். அலுமினியம் இருக்கிறதே, அது ஊமைக் குசும்பு. கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி நல்ல பிள்ளையாக இருக்கும். மேலே இருக்கிற மெல்லிய படலம் கரைந்ததும் சூடேறிப் பொங்கிக்கொண்டு வரும். வருஷா வருஷம் புதுப் பிள்ளைகளிடம் அவர் தவறாமல் சொல்வது இரண்டே வாக்கியம்: குழாயின் வாயை அடைக்காதீங்க, முகத்துக்கு நேராகப் பிடிக்காதீங்க.

தாம்பரத்துப் பக்கம் போர் தண்ணீரில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்கும் ஆசிட் புதிதில்லை. குழாய், டைல்ஸ், பக்கெட் என்று எதைப் பார்த்தாலும் உப்பு ஏறி வெள்ளை பூத்திருக்கும். எதைப் போட்டுத் தேய்த்தாலும் போகாது, ஆசிட் ஊற்றினால்தான் போகும். வியாழக்கிழமை தோறும் ஒருவர் டிவிஎஸ் வண்டியில் பெரிய கேன்களைக் கட்டிக்கொண்டு ‘ஆசிட், பினாயில்’ என்று கூவிக்கொண்டு வருவார். பாட்டிலை நாம்தான் கொண்டுபோக வேண்டும். எந்த வீட்டில் தேடினாலும் கைக்கு முதலில் அகப்படுவது காலித் தண்ணீர் பாட்டில். இதை ஊரே செய்துகொண்டிருந்தது, யாருக்கும் தப்பாகத் தோன்றவில்லை. போன ஜூன் மாதம் அடுத்த தெருவில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று தண்ணீர் என்று எடுத்து வாயில் வைத்துவிட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. அதற்கப்புறம்தான் எல்லாருக்கும் பயம் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் சங்கக் கூட்டம் போட்டார் ராஜாராமன். நம்மிடையே கெமிஸ்ட்ரி சார் இருக்கும்போது நாம் ஏன் பேச வேண்டும் என்று சொல்லித் தயாளனை முன்னால் இழுத்து நிறுத்தினார். தயாளன் பேசினார். இருபத்தாறு வருஷம் ஆய்வகத்தின் மூலையில் நின்று பார்த்த அத்தனை டீச்சர்களும் அன்று அவர் வாயில் புகுந்துகொண்டார்கள். அரிக்கும் தன்மை, நீர்த்த அமிலம், அடர் அமிலம் என்று அடுக்கினார். இனிமேல் இந்தக் கட்டடத்தில் யாரும் தண்ணீர் பாட்டிலில் ஆசிட் வாங்கக் கூடாது என்று முடித்தார். கைதட்டினார்கள். அவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

கூட்டத்தில் ஒரே ஒரு உருப்படியான கேள்வி வந்தது. அதைக் கேட்டவர் கன்னியம்மா. ஏரிக்கரை ஓரம் குடியிருந்து, அந்தக் கட்டடத்தின் மாடிப்படிகளையும் மூன்று வீட்டுக் குளியலறைகளையும் கழுவுகிற பெண்மணி. துடைப்பத்தோடு படி ஓரம் நின்றிருந்தார்.

“அப்ப இன்னாத்துல வாங்கறது சார்?”

கண்ணாடி பாட்டில், அல்லது ஆசிட்டுக்கென்றே வருகிற கெட்டியான பிளாஸ்டிக் கேன், மேலே பெரிதாகப் பெயர் எழுதி வையுங்கள். இதுதான் பதில். தூக்கத்தில் கேட்டாலும் தயாளன் சொல்லியிருப்பார். ஆனால் கைதட்டலின் மப்பில் இருந்தவருக்கு அந்தக் கேள்வி பெரிதாகப் படவில்லை. தனியாக ஒரு பாத்திரம் வைத்துக்கொள்ளுங்கள், யாரும் தண்ணீர் என்று நினைக்காத மாதிரி இருக்க வேண்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டார்.

கன்னியம்மா சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். வியாழக்கிழமை காலை ஆசிட் வண்டி வந்தபோது அவர் கையில் திருகுமூடி போட்ட பழைய அலுமினிய எண்ணெய்த் தூக்கு இருந்தது. யாரும் தண்ணீர் என்று நினைக்க மாட்டார்கள். மூடியும் இறுக்கம். ஆசிட்டை வாங்கிக்கொண்டு நேரே தயாளன் வீட்டு வாசலுக்கு வந்தார். தயாளன் செல்போனில் இரண்டாம் மாடிக்காரருக்கு வாட்டர் ஃபில்டரைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

“சார், இதுல வாங்கிக்கினேன். சரியா கீதா பாருங்க.”

தயாளன் பார்த்தார். அந்தச் சாம்பல் நிறத்தைப் பார்த்தார், திருகுமூடியைப் பார்த்தார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே தலையாட்டினார். “ஆங், சரி சரி. நல்லா இறுக்கி மூடிடுங்க.”

கன்னியம்மா தன் பலத்தையெல்லாம் கூட்டி மூடியைத் திருகிவிட்டு மாடியேறினார்.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. தயாளன் இட்லித் தட்டின் முன் உட்கார்ந்திருந்தார், மேலே இருந்து ஓர் அலறல் கேட்டது. தூக்கு சுடுகிறதே, என்னவோ உஸ்ஸென்று சத்தம் வருகிறதே என்று கன்னியம்மா குனிந்து மூடியைத் திறந்திருக்கிறார். உள்ளே அடைபட்டுக் கிடந்த வாயு, பொங்கிய ஆசிட்டோடு ஒரே பீச்சாகப் பீச்சியடித்துவிட்டது. வலது கை, கழுத்து, தாடை, வலது கண்.

அதற்கப்புறம் நடந்ததில் தயாளனைக் குறை சொல்ல இடமில்லை. மூன்று மூன்று படியாகத் தாவி ஏறினார். கன்னியம்மாவைப் பக்கத்து வீட்டுக் குளியலறைக்கு இழுத்துக்கொண்டுபோய்க் குழாயடியில் உட்கார வைத்தார். இமையை விரலால் பிரித்துப் பிடித்துத் தண்ணீர் விட்டார். யாரோ மஞ்சளைக் கொண்டுவந்தார்கள், யாரோ சோடா உப்பு என்றார்கள். தண்ணீரைத் தவிர எதுவும் கிட்டே வரக்கூடாது என்று விரட்டினார். ரோஹிணியை விட்டு ஆசிட் பட்ட துணியை அவிழ்க்கச் சொன்னார். படியில் இன்னும் பொங்கிக்கொண்டிருந்த தூக்கின் பக்கம் யாரும் போகாதீர்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள், ஜன்னல்களைத் திறந்துவிடுங்கள் என்று கத்தினார். முழுதாக இருபது நிமிஷம் தண்ணீர் விட்ட பிறகுதான் ஆட்டோவில் ஏற்ற விட்டார். டாக்டரும் பிற்பாடு அதைத்தான் சொன்னாராம்: உடனே கழுவியதால் பார்வை தப்பித்தது, கண் எரிச்சல் போகக் கொஞ்ச நாள் ஆகும், கையில் தழும்பு நிற்கும்.

ரோஹிணி கன்னியம்மாவோடு ஆட்டோவில் போனார். ஆட்டோ போனதும் வாசலில் கூட்டம் கூடியது. சார் மட்டும் இல்லை என்றால் என்ன ஆகியிருக்கும் என்று எல்லாரும் பேசினார்கள். தயாளனின் சட்டை முழுக்க நனைந்திருந்தது. ராஜாராமன் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் கேட்டார், “ஏன் சார், அலுமினியப் பாத்திரத்துல போய் யாராவது ஆசிட் வாங்குவாங்களா? யார் சொன்னது இவங்களுக்கு?”

நான்தான் என்று சொல்ல இரண்டு நொடி இருந்தது. சொல்ல வாயைத் திறந்தார் என்றுதான் அவர் இன்றைக்கும் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். வாயில் வந்தது வேறு.

“எட்டாங்கிளாஸ் பிள்ளைக்குக்கூட தெரியும் சார் இது. நான் பாட்டில்னுதானே சொன்னேன்.”

எல்லாரும் தலையாட்டினார்கள். படிப்பறிவு இல்லை என்றால் இப்படித்தான் என்றார் ஒருவர். நாளைக்கு நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆனால் யார் பொறுப்பு என்றார் இன்னொருவர். அன்று மாலைக்குள் கன்னியம்மா கவனமில்லாத ஆள் என்பது முடிவாகிவிட்டது. அவரை நிறுத்திவிட்டு ஒரு கம்பெனி மூலம் ஆள் போடலாம், ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசி முடித்துக்கொள்ளலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் ராஜாராமன் போட்டார். ஆறு பேர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள். தயாளன் பார்த்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய ரோஹிணி முகம் கொடுத்துப் பேசவில்லை. சோற்றைப் போட்டுவிட்டு நின்றார். காலையில் கன்னியம்மா தூக்கைக் காட்டியபோது நான் சமையலறையில்தான் இருந்தேன் என்றார். சரியாகப் பார்க்கவில்லை என்றார் தயாளன். அதையாவது அங்கே சொல்லியிருக்கலாமே என்றார் ரோஹிணி. அவ்வளவுதான் பேச்சு. தயாளனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியின் முகத்தைப் பார்க்கக் கூசியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை பத்தாம் வகுப்புக்குச் செய்முறை. விதி வேண்டுமென்றே செய்ததோ என்னவோ, உலோகமும் அமிலமும். தயாளன் ஜிங்க் துண்டுகளைப் போட்டு வைத்தார், அமிலத்தை ஊற்றி வைத்தார். பிள்ளைகளிடம் வழக்கமாகச் சொல்கிற இரண்டு வாக்கியத்தைச் சொல்ல வேண்டிய நேரம். குழாயின் வாயை அடைக்காதீங்க என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டு மேஜையைத் துடைக்கத் தொடங்கினார். முந்தின நாள் இறுக்கி மூடிடுங்க என்று சொன்னதும் இதே வாய்தான். வேதியியல் டீச்சர் சத்யபிரியா, அவர் மகள் வயசுக்காரி, அண்ணா உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார். வகுப்பு முடிந்து குழாய்களைக் கழுவும்போது தயாளன் விஷயத்தைச் சொன்னார், எங்கள் கட்டடத்தில் ஓர் அம்மாவுக்கு இப்படி ஆகிவிட்டது என்று. சொன்னவர் தன்னை மட்டும் கதையிலிருந்து கழற்றிவிட்டார்.

சத்யபிரியா கேட்டுவிட்டு உச்சுக்கொட்டினார். “அவங்களைச் சொல்லி என்ன அண்ணா இருக்கு? பாத்திரம் எதுன்னு யாரோ சரியா சொல்லாம விட்டிருக்காங்க. தெரிஞ்சவங்க ஒருத்தர் பக்கத்துல இருந்திருந்தா போதும்.”

தயாளன் குழாயைத் திறந்துவிட்டுக் கழுவிய பீக்கரையே மறுபடி கழுவினார்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு கன்னியம்மாவைப் பார்க்கப் போனார். உண்மையை ஒப்புக்கொள்ளத்தான் போனார், அதில் சந்தேகமில்லை. வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனார். ஏரிக்கரை ஓரத்து ஒற்றை அறை வீடு. கன்னியம்மா வலது கண்ணில் பஞ்சு ஒட்டி, கையில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். கதவைத் திறந்தது மகள் ஓவியா. பதினொன்றாம் வகுப்பு, சயன்ஸ் குரூப். பள்ளிச் சீருடைகூட மாற்றாமல் அடுப்படியில் நின்று சமைத்துக்கொண்டிருந்தாள். கெமிஸ்ட்ரி சார் என்றதும் ஓடிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். “நீங்களே சொல்லுங்க சார். மெட்டல்ல ஆசிட் ஊத்தினா ஹைட்ரஜன் வரும்னு நான் வீட்ல கத்திக் கத்திப் படிக்கிறேன். அது காதுல விழுந்திருக்காதா? போய் அலுமினியத்துல வாங்கிட்டு, சார்தான் சொன்னாரு சார்தான் சொன்னாருன்னு உங்க மேல பழி போடறாங்க. கிளாஸ்ல சொன்னா சிரிப்பாங்க சார். எனக்கு வெக்கமா இருக்கு.”

கன்னியம்மா மகளை அதட்டவில்லை. ஒற்றைக் கண்ணால் தயாளனையே பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. நீங்களே சொல்லிவிடுங்கள் என்கிற எதிர்பார்ப்பு மட்டும் இருந்தது. இதைவிட நல்ல சந்தர்ப்பம் ஒரு மனுஷனுக்கு எங்கே வாய்க்கும்? கேள்வி வந்தாகிவிட்டது, பதில் ஒரே வார்த்தை.

“ஆசிட் விஷயத்துல ஜாக்கிரதையா இருக்கணும்மா,” என்றார் தயாளன். பழத்தை வைத்துவிட்டு எழுந்துவிட்டார்.

கன்னியம்மாவின் பார்வை தரைக்குப் போனதை அவர் பார்த்தார். அவருக்கு ஒன்றும் தெரியாமல் இல்லை. தான் எவ்வளவு சின்ன மனுஷன் என்பது அந்த வாசலைத் தாண்டுவதற்குள் முழுசாகத் தெரிந்துவிட்டது. ஏரிக்கரை மேட்டில் வண்டியை நிறுத்திவிட்டு, போகிறவர் வருகிறவர் யாராவது பார்க்கிறார்களா என்பதைப் பற்றிக்கூடக் கவலைப்படாமல் அழுதார். வீட்டுக்கு வந்து ரோஹிணியிடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். ரோஹிணி சமாதானம் சொல்லவில்லை. நாளைக்குக் கூட்டம் இருக்கிறது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் அதே நாற்காலிகள், அதே ஆட்கள். கன்னியம்மாவையும் வரச் சொல்லியிருந்தார் ராஜாராமன். முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவதுதான் மரியாதை என்பது அவர் எண்ணம். கன்னியம்மா தூணோரம் நின்றார். ராஜாராமன் பேசத் தொடங்குவதற்குள் தயாளன் எழுந்தார். அந்தப் பாத்திரத்தில் வாங்கச் சொன்னது நான்தான், கன்னியம்மா வாங்கி வந்து காட்டினார், பார்த்துவிட்டு சரி என்று சொன்னதும் நான்தான், அன்று உங்கள் முன்னால் சொன்னது பொய் என்றார்.

ராஜாராமன் நெகிழ்ந்துபோய்ச் சிரித்தார். “சாருக்குப் பெரிய மனசு. பாவம் அந்தம்மா வேலை போயிடக் கூடாதுன்னு பழியைத் தன் மேல போட்டுக்கறாரு. கெமிஸ்ட்ரி வாத்தியார் அலுமினியத்துல ஆசிட் வாங்கச் சொல்லுவாரா? நாங்க என்ன சின்னப் பிள்ளையா சார்?”

ஆமாம் ஆமாம் என்றார்கள் எல்லாரும். ஒருவர் கைகூடத் தட்டினார். தயாளனுக்கு முகமெல்லாம் எரிந்தது. உண்மையைச் சொல்லியும் மாலைதான் விழுகிறது. தூணோரம் நிற்கிறவருக்கு ஒரு பயனும் இல்லை. கன்னியம்மா திரும்பி வாசலைப் பார்த்து நடக்கத் தொடங்கினார்.

“நான் வாத்தியார் இல்லை,” என்றார் தயாளன். குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. “லேப் அட்டெண்டர். பாட்டில் கழுவற வேலை. பதினோரு வருஷமா நீங்க சார்னு கூப்பிட்டீங்க, நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அந்தப் பேரு போயிடுமேன்னுதான் அன்னிக்கு இவங்க மேல பழி போட்டேன். இவங்க கேட்டதுக்கு நான் ஒழுங்கா பதில் சொல்லியிருந்தா, காட்டினப்போ ஒழுங்கா பார்த்திருந்தா, இது நடந்தே இருக்காது. தப்பு என்னோடது.”

இந்தத் தடவை நம்பினார்கள். நம்பியது அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. இரண்டாம் மாடிக்காரர் தரையைப் பார்த்தார். ராஜாராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சார் என்று ஆரம்பித்து நிறுத்தி, என்னவென்று கூப்பிடுவது எனத் தெரியாமல் தடுமாறி, “சரிங்க, உட்காருங்க” என்றார். பிறகு கன்னியம்மா பக்கம் திரும்பி, கை ஆறினதும் வேலைக்கு வந்துவிடுங்கள், அதுவரைக்கும் வேறு யாரையும் போட மாட்டோம் என்றார். கூட்டம் அதற்கு மேல் நடக்கவில்லை.

தயாளனிடம் யாரும் பேசாமல் கலைந்தார்கள். அவர் வெளியே வந்தபோது கேட்டின் பக்கத்தில் கன்னியம்மா நின்றுகொண்டிருந்தார். நன்றி எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் தேவையில்லை.

“இங்க சொல்லிட்டீங்க சார். எம் பொண்ணுகிட்ட யாரு சொல்றது? அவ மூணு நாளா என்னாண்ட மூஞ்சி குடுத்துப் பேசல.”

தயாளன் வண்டியை எடுத்தார். கன்னியம்மா பின்னால் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷ வழிதான். முந்தின நாள் போலவே ஓவியா வந்து கதவைத் திறந்தாள், வாங்க சார் என்றாள், நாற்காலியை இழுத்தாள். தயாளன் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கூட்டத்தில் சொன்னதைவிடச் சின்னச் சின்ன வாக்கியமாக, தலை நிமிராமல்.

ஓவியா முழுக்கக் கேட்டாள். அப்புறம் கேட்டாள், “அப்ப நேத்து நான் அம்மாவை அப்படித் திட்டினப்போ நீங்க இங்கதானே உட்கார்ந்திருந்தீங்க?”

“ஆமாம்மா.”

ஓவியா அவரை விட்டு அம்மாவிடம் போனாள். கட்டுப் போட்ட கையைத் தொடாமல், அடுத்த கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தேம்பினாள். கன்னியம்மா அவள் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். தயாளன் என்று ஒருவர் அங்கே நிற்பது இருவருக்கும் நினைவில் இல்லை. அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, செருப்பு மாட்டும் சத்தம்கூடக் கேட்காமல் மெதுவாக வெளியே வந்தார்.